பெருக்காமல் விடுவதன் கணக்கு

லண்டன் பாதாள ரயிலில் இன்று 272 நிலையங்கள். ஒரு பெரிய தாளில் 272 நிரை, 272 நிரல் என்று கட்டம் போடுங்கள். ஒரு நிலையத்துக்கு அடுத்த நிலையம் எதுவோ அந்தக் கட்டத்தில் 1, மற்றவற்றில் 0. மொத்தம் 73,984 கட்டங்கள். எழுதி முடித்துப் பார்த்தால் 1 விழுந்த கட்டங்கள் ஆயிரத்தைக்கூட எட்டியிருக்காது. செஷம் நிலையத்தின் நிரையில் ஒரே ஒரு 1தான் இருக்கும். பாதையின் கடைசியில் தனியாகக் கிடக்கும் நிலையம் அது. கிங்ஸ் கிராஸ் நிரையில் ஏழு 1கள்: யூஸ்டன், யூஸ்டன் ஸ்கொயர், ஃபாரிங்டன், ஏஞ்சல், ரஸ்ஸல் ஸ்கொயர், கலிடோனியன் ரோடு, ஹைபரி அண்ட் இஸ்லிங்டன். மீதி இடமெல்லாம் பூச்சியம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு அணி என்று பெயர். இலங்கையில் படித்தவர்கள் தாயம் என்பார்கள். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் இரண்டு சொல்லும் புழங்கும். இங்கே அணி என்றே எழுதுகிறேன். பூச்சியம் மலிந்த அணியைக் கணினித் துறையில் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்கிறார்கள். இத்தகைய அணிகளை ஜிபியு எனப்படும் கிராஃபிக்ஸ் சில்லுகளில் வேகமாகப் பெருக்குவது எப்படி என்பது இன்று விமான வடிவமைப்பிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை பல இடங்களில் பணத்தையும் மின்சாரத்தையும் தீர்மானிக்கிற கேள்வி. அதைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை மெதுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அணிப் பெருக்கல் பள்ளியில் படித்ததுதான். முதல் அணியின் ஒரு நிரையையும் இரண்டாவது அணியின் ஒரு நிரலையும் எடுத்து, இணை இணையாகப் பெருக்கிக் கூட்டினால் விடையின் ஒரு கட்டம் கிடைக்கும். இந்த விதியை 1858ஆம் ஆண்டுக் கட்டுரையில் முறையாக வகுத்த ஆர்தர் கெய்லி அப்போது லண்டன் லிங்கன்ஸ் இன்னில் வழக்கறிஞர். பதினான்கு ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தார். மேட்ரிக்ஸ் என்ற பெயரை 1850இல் வைத்தவர் அவருடைய நண்பர் சில்வெஸ்டர், லண்டனில் பிறந்தவர்.

நம் ரயில் அணியை அதனாலேயே பெருக்கினால், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்குச் சரியாக இரண்டு எட்டில் எத்தனை வழிகளில் போகலாம் என்பது விடையாக வரும். பள்ளி விதிப்படி ஒரு கட்டத்தையும் விடாமல் செய்தால் 2 கோடிக்கும் மேற்பட்ட பெருக்கல்கள். பூச்சியத்தைத் தொடும் பெருக்கல்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது சில ஆயிரம்தான். அப்படியானால் கணினியும் பல்லாயிரம் மடங்கு வேகமாக முடித்துவிடுமா? அணியில் 90 சதவீதம் பூச்சியம் என்றால் பத்து மடங்கு வேகம், 99 சதவீதம் என்றால் நூறு மடங்கு என்று கணக்குப் போடுவது இயல்பு. அந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்பதற்கான காரணம் பெருக்கலில் இல்லை, எண்களைச் சுமந்து வருவதில் இருக்கிறது.

ஜிபியுவுக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். என்விடியா நிறுவனம் இவர்களின் வேலையை த்ரெட், அதாவது இழை என்கிறது. 32 இழைகள் சேர்ந்தது ஒரு வார்ப். இது தறியிலிருந்து எடுத்த சொல். காஞ்சிபுரத்திலோ சேலத்திலோ நெசவாளர் பாவு என்று சொல்வதேதான் அது. பாவில் உள்ள இழைகள் பக்கம் பக்கமாக இணையாக ஓடுவதுபோல, ஒரு வார்ப்பின் 32 இழைகளும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும். ஒவ்வோர் இழைக்கும் ஒரு ரயில் நிலையத்தின் நிரையைக் கொடுத்தால், செஷத்தை ஏற்றவர் ஒரே எட்டில் முடித்துவிட்டு, கிங்ஸ் கிராஸை ஏற்றவர் ஏழாவது எட்டை வைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மனிதர்களின் நட்பு வலைப்பின்னலைப் போன்ற அணிகளில் ஒரு நிரையில் இரண்டு எண்ணும் இன்னொரு நிரையில் பத்து லட்சம் எண்ணும் இருக்கலாம். அங்கே காத்திருப்பே பெரிய வேலையாகிவிடும்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் மெமரி. ஒரு தெருவில் வரிசையாக எல்லா வீட்டுக்கும் கடிதம் இருந்தால் தபால்காரர் ஒரே நடையில் கொடுத்துவிட்டு வருவார். க்ராய்டனில் ஒன்று, எட்ஜ்வேரில் ஒன்று, வால்தம்ஸ்டோவில் ஒன்று என்றால் கடிதங்கள் குறைவுதான், நாள் முழுவதும் போய்விடும். ஜிபியுவின் மெமரியும் அப்படித்தான், பக்கத்துப் பக்கத்தில் உள்ள எண்களைக் கற்றையாக அள்ளித் தரவே அமைக்கப்பட்டது. பூச்சியங்களைத் தூக்கிப்போட்டபின் மிஞ்சும் எண்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் அது எந்த நிரலைச் சேர்ந்தது என்ற முகவரியையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

இதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். இரட்டைத் துல்லியத்தில் ஓர் எண்ணுக்கு 8 பைட், அதன் முகவரிக்கு 4 பைட், ஆக 12 பைட். ஓர் அணியை ஒற்றை நிரலால் பெருக்கும்போது இந்த 12 பைட்டைக் கொண்டுவந்து செய்யும் வேலை ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவே. 2020இல் வந்த என்விடியா ஏ100 சில்லு விநாடிக்கு 1,555 ஜிகாபைட் கொண்டுவரும். 12ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 13,000 கோடி எண்கள், அதாவது 26,000 கோடி கணக்குகள். அதே சில்லின் இரட்டைத் துல்லியக் கணக்குத் திறன் விநாடிக்கு 9,70,000 கோடி. முழுத் திறனில் மூன்று சதவீதத்தைக்கூட இந்த வேலையால் பயன்படுத்த முடியாது. புரோகிராம் எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த அணைக்கட்டைத் தாண்ட முடியாது. சுமக்கும் சுமையைக் குறைக்கலாம். கொண்டுவந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மூன்றாவது வழி இல்லை.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. லண்டனின் மேற்கோரத்தில் டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஆலன் டூரிங்கின் வடிவமைப்பை ஒட்டிக் கட்டிய பைலட் ஏஸ் கணினி 1950 மே 10 அன்று முதல் புரோகிராமை ஓட்டியது. அதன் மெமரி பாதரசக் குழாய். ஒரு நீண்ட குழாயில் 32 சொற்கள் ஒலித்துடிப்புகளாக ஓடிக்கொண்டிருக்கும். வேண்டிய எண் குழாயின் முனைக்கு வரும் கணத்தைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுக்காக ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். அதனால் எண் வெளிவரும் நேரத்துக்குக் கட்டளையும் தயாராக இருக்கும்படி இடம் பார்த்து எழுதினார்கள். அந்தக் குழுவில் முன்னின்ற ஜேம்ஸ் வில்கின்சன்தான் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸுக்கு இன்றுவரை வழங்கும் இலக்கணத்தைச் சொன்னவர். எத்தனை சதவீதம் பூச்சியம் என்று அவர் எல்லை வைக்கவில்லை. பூச்சியங்களைப் பயன்படுத்திக்கொள்வதால் ஆதாயம் உண்டு என்னும் அளவுக்குப் பூச்சியம் இருந்தால் அது அந்த வகை அணி என்பது அவர் கருத்து. ஆதாயம் என்பது இயந்திரத்தையும் வேலையையும் பொறுத்தது. என் கணிப்பில் இந்தத் துறையில் சொல்லப்பட்ட வாசகங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை.

தெற்குக் கென்சிங்டனில் இம்பீரியல் கல்லூரியில் நடந்த ஒரு வேலை இந்த இலக்கணத்துக்கு நல்ல உரை. அங்கே விமானவியல் துறையில் பீட்டர் வின்சென்ட்டும் ஃப்ரெடி விதர்டனும் அவர்கள் குழுவினரும் பைஎஃப்ஆர் என்ற மென்பொருளை உருவாக்கி 2014இல் அறிமுகப்படுத்தினார்கள். விசையாழியின் இதழைச் சுற்றியும் விமான இறக்கையைச் சுற்றியும் காற்று எப்படிச் சுழித்து ஓடுகிறது என்பதைக் கணிக்கும் மென்பொருள் அது. காற்று நிறைந்த வெளியைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சில புள்ளிகளில் வேகமும் அழுத்தமும் எவ்வளவு என்று வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே உள்ள புள்ளிகளின் மதிப்பிலிருந்து பெட்டியின் சுவரில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் அணியால் பெருக்க வேண்டும்.

இந்த அணி எப்படிப்பட்டது என்று பார்ப்பதுதான் இந்தக் கதையின் சாரம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 7 புள்ளி வைத்தால் பெட்டிக்குள் 343 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று திசைக்கு மூன்று எண், ஆக 1,029. பெட்டிக்கு ஆறு சுவர், சுவருக்கு 49 புள்ளி, ஆக 294. அணியின் அளவு 294க்கு 1,029. அதில் 3,02,526 கட்டங்கள். ஆனால் சுவரில் உள்ள ஒரு புள்ளிக்குத் தனக்கு நேர் எதிரே ஒரே கோட்டில் நிற்கும் 7 புள்ளிகளின் மதிப்பு மட்டும் போதும். எனவே பூச்சியமல்லாத எண்கள் 294ஐ 7ஆல் பெருக்கிய 2,058 மட்டுமே. 99 சதவீதத்துக்கும் மேல் பூச்சியம். அதோடு, ஒரே வடிவமுள்ள எல்லாப் பெட்டிக்கும் இதே அணிதான், கணிப்பு தொடங்கி முடியும்வரை அதில் ஓர் எண்கூட மாறாது. ரயில் வரைபடத்தில் தற்செயலாகத் தெரியும் பூச்சிய மிகுதி இங்கே வடிவத்திலிருந்தே பிறக்கிறது.

மாறாத அணியை ஏன் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து படிக்க வேண்டும்? இம்பீரியலின் கணினித் துறையைச் சேர்ந்த பால் கெல்லியும் இந்தக் குழுவினரும் சேர்ந்து கிம்மிக் என்ற கருவியைச் செய்தார்கள். அதைப் பற்றிய கட்டுரை 2016இல் வெளியானது. கொடுத்த அணியைப் பார்த்து, அந்த ஓர் அணிக்கென்றே ஒரு புரோகிராமைக் கிம்மிக் தானே எழுதித் தரும். அதில் லூப் இல்லை, முகவரிப் பட்டியல் இல்லை. 2,058 எண்களும் கட்டளைகளுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும். இன்ன எண்ணை இதனால் பெருக்கு, இதோடு கூட்டு என்று வரிசையாகப் போகும். பூச்சியத்துக்கு அங்கே ஒரு வரிகூட இராது. எல்லா இழைக்கும் ஒரே வேலை, ஆளுக்கொரு பெட்டி என்பதால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன இரண்டு இடைஞ்சலும் அணியை முன்கூட்டியே அறிந்திருந்ததால் நீங்கிவிட்டன.

விளைவு என்ன? பூச்சியத்தையும் விடாமல் பெருக்கும் என்விடியாவின் கூபிளாஸ் நூலகத்தோடு ஒப்பிட்டார்கள். மேலே சொன்ன அணிக்கு, இரட்டைத் துல்லியத்தில், டெஸ்லா கே40சி அட்டையில் 9.98 மடங்கு வேகம். ஜிடிஎக்ஸ் 780 டிஐ என்ற விளையாட்டு அட்டையில் 63.30 மடங்கு. முதல் பார்வைக்கு இது குழப்பமாக இருக்கும். பெருக்கல்களின் எண்ணிக்கை குறைந்தது 147 மடங்கு. வேகம் ஏன் ஓர் இடத்தில் பத்து, இன்னோர் இடத்தில் அறுபத்து மூன்று?

ஒரு பெட்டிக்கு 1,029 எண்களை உள்ளே கொண்டுவந்து 294 எண்களை வெளியே எழுத வேண்டும். பூச்சியத்தை விட்டாலும் விடாவிட்டாலும் இந்த 10,584 பைட் சுமை தப்பாது. கே40 விநாடிக்கு 288 ஜிகாபைட் சுமக்கும். அதாவது 2 கோடியே 72 லட்சம் பெட்டிகள். பூச்சியத்தோடு பெருக்கினால் அதன் 1.43 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்பது விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு) திறனுக்கு 24 லட்சம் பெட்டிகளே முடியும். இரண்டுக்கும் விகிதம் பதினொன்றரை. அளந்து கண்டது 9.98. விளையாட்டு அட்டையின் இரட்டைத் துல்லியத் திறன் சுமார் 0.21 டெராஃப்ளாப் மட்டும், சுமக்கும் திறனோ 336 ஜிகாபைட். அதே கணக்கைப் போட்டால் விகிதம் தொண்ணூறைத் தொடும், அளந்தது 63. ஆகவே 63 என்ற எண் புதிய புரோகிராமின் திறமையைப் போலவே, பலவீனமான அட்டையில் பூச்சியங்களைப் பெருக்கி எவ்வளவு நேரம் வீணாகியிருந்தது என்பதையும் அளக்கிறது. எதை விட எத்தனை மடங்கு, எந்த இயந்திரத்தில் என்று சொல்லாத மடங்குக் கணக்கை ஏற்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்தக் கட்டுரையாசிரியர்கள் இதை மறைக்கவில்லை. ஓர் உருளையைச் சுற்றி ஓடும் காற்றை முழுமையாகக் கணித்தபோது கே40சி அட்டையில் மொத்த வேகம் கூடியது இரட்டைத் துல்லியத்தில் 1.70 மடங்கு, ஒற்றைத் துல்லியத்தில் 2.19 மடங்கு என்று எழுதியிருக்கிறார்கள். கணிப்பில் இந்த ஓர் அணி மட்டுமா இருக்கிறது? மற்ற அணிகள் சிறியவை, சில அடர்த்தியானவை. பெருக்கல் அல்லாத வேலைகளும் உண்டு. எனக்கு 63ஐ விட 1.70தான் மதிப்புள்ள எண். பத்து நாள் ஓடும் கணிப்பு ஆறு நாளில் முடிகிறது என்பது அதன் பொருள். 2016இலேயே பைஎஃப்ஆர் அமெரிக்காவின் டைட்டன் கணினியில் 13.7 பெட்டாஃப்ளாப் வேகத்தைத் தொட்டு, கார்டன் பெல் பரிசுக்கான இறுதிச் சுற்றுக்கு வந்தது.

கிம்மிக்குக்கு எல்லையும் உண்டு. அணியில் பூச்சியமல்லாத எண்கள் பெருகினால் எழுதித் தரும் புரோகிராம் மிக நீண்டுவிடும். கட்டளைகளைப் படித்து வருவதே சுமையாகும். அங்கே பழைய நூலகமே மேல்.

செயற்கை நுண்ணறிவில் நிலைமை தலைகீழ். அங்கே அணியை நாமே பூச்சியமாக்கிக்கொள்கிறோம். கிங்ஸ் கிராஸில் இருக்கும் டீப்மைண்ட் 2018இல் வெளியிட்ட வேவ்ஆர்என்என் என்ற பேச்சொலி அமைப்பில் 96 சதவீதத்துக்கும் மேல் எடைகளை, அதாவது அணியின் எண்களை, பூச்சியமாக்கியும் நல்ல குரல் கிடைத்தது. கைப்பேசியின் சாதாரணச் சில்லிலேயே உடனுக்குடன் ஓடியது. ஆனால் தனித்தனி எண்ணாகக் கண்டபடி வெட்டாமல் 16 எண் கொண்ட கற்றைகளாக வெட்டியதும் அந்த வேகத்துக்குக் காரணம். கற்றையாக இருந்தால் ஒரு முகவரி பதினாறு எண்ணுக்குப் போதும்.

என்விடியா இதே எண்ணத்தை ஏ100இல் வன்பொருளாகவே செய்தது. அடுத்தடுத்த நான்கு எண்களில் குறைந்தது இரண்டு பூச்சியமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருந்தால், மிஞ்சிய இரண்டையும் அவை நான்கில் எந்த இடம் என்ற சிறு குறிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் பெருக்கும். விவரத்தாளில் 16 பிட் கணக்குக்கு 312 டெராஃப்ளாப் என்றும், பூச்சிய நிபந்தனை பொருந்தினால் 624 என்றும் இரண்டு எண் இருக்கும். 99 சதவீதம் பூச்சியமுள்ள அணிக்கும் இந்த வழியில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்காது. இம்பீரியலின் காற்று அணிக்கோ ரயில் அணிக்கோ இதனால் பெரிய ஆதாயம் இல்லை. நிபந்தனைக்கு ஏற்பப் பயிற்றுவிக்காத நுண்ணறிவு அமைப்புக்கும் இல்லை.

பூச்சிய நிபந்தனையோடு சொல்லும் இந்த இரண்டாவது எண்தான் பொதுவெளியில் அதிகம் உலவுகிறது. பிரிஸ்டலில் மக்கள் பணத்தில் அமைந்த இசம்பார்ட் ஏஐ கணினியில் 5,448 சில்லுகள். அதன் நுண்ணறிவுத் திறன் 21 எக்ஸாஃப்ளாப் (2.1 கோடி டெராஃப்ளாப்) என்று சொல்லப்படுகிறது. அந்தச் சில்லின் 8 பிட் திறன் நிபந்தனையின்றி 1,979 டெராஃப்ளாப், நிபந்தனையோடு 3,958. பெருக்கிப் பாருங்கள்: 21 வருவது இரண்டாவது எண்ணால்தான். முதல் எண்ணால் பெருக்கினால் 11க்குச் சற்றுக் குறைவு. அருமையான இயந்திரம் அது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனாலும் பொதுப்பணத்தில் வாங்கும் கணினிக்கு இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். வரி கட்டுகிறவருக்கு அது உரிமை.

முன்கூட்டித் தெரியாத, ஒழுங்கும் இல்லாத அணிகளுக்கு என்ன வழி? சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் பொன்னுசாமி சடையப்பனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2019இல் ஒரு நல்ல வழியைக் காட்டினார்கள். அணியைச் சில நிரைகள் கொண்ட பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் எண்கள் அடர்ந்திருக்கும் நிரல்களை ஒரு பக்கமாக ஒதுக்குகிறார்கள். சிதறிக் கிடந்தவை சிறு சிறு அடர்த்தியான திட்டுகளாகச் சேர்கின்றன. திட்டுக்குத் தேவையான எண்களைச் சில்லுக்கு உள்ளே இருக்கும் வேகமான சிறு மெமரியில் ஒருமுறை ஏற்றிவிட்டுப் பலமுறை பயன்படுத்தலாம். சேராமல் எஞ்சியவற்றைப் பழைய முறையில் பெருக்கிக்கொள்ளலாம். பல நிரல்களை ஒன்றாகப் பெருக்கும்போது இது நன்றாக உதவுகிறது.

ஆனால் ஒதுக்கி அடுக்கவும் நேரம் ஆகும். அந்த நேரத்தை ஈடுகட்ட ஒரே அணியை எத்தனை முறை பயன்படுத்தப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். நொடிக்கு நொடி புதுத் தொடர்புகள் முளைக்கும் சமூக ஊடக வலைப்பின்னலில் அடுக்கி முடிப்பதற்குள் அணி மாறிவிடும். பாதாள ரயிலின் அணிக்கு அந்தக் கவலை இல்லை. அதில் கடைசியாகப் புது நிரைகள் சேர்ந்தது 2021 செப்டம்பர் 20 அன்று. நைன் எல்ம்ஸ் நிரையில் இரண்டு 1கள், பாட்டர்சி பவர் ஸ்டேஷன் நிரையில் ஒன்று.